கரைச் சுற்றுலாவும் கரைக்கு உரியவர்களும்

(நீண்ட பதிவு. கடல்சார் பண்பாட்டு ஆய்வுகளில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. கோபம் இருக்கிறது, அது தனிமனிதர் எவர்மீதும் இல்லை.)

தில்லியின் கருத்தரங்கக் கூடங்களுக்குக் கடல் வந்து சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடற்கரையே இல்லாத இந்நகரத்தில் இந்தியப் பெருங்கடலைப் பற்றிப் பேசாத துறை இன்று அரிது. வரலாற்றாசிரியர்கள் பருவக்காற்றைப் பேசுகிறார்கள். சர்வதேச உறவுகளைப் பயில்வோர் கடல்வழிப் பாதுகாப்பைப் பேசுகிறார்கள். பண்பாட்டு ஆய்வாளர்களோ கப்பலையே ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வழக்கு இந்தக் கடைசிப் பிரிவினரோடுதான்.

அவர்களுக்கு உவப்பான பொருள்களுள் ஒன்று ஹெவி மெட்டல் இசைக் கப்பல். 2011இல் மயாமியிலிருந்து ‘70000 டன்ஸ் ஆஃப் மெட்டல்’ என்ற பெயரில் இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற பயணம் தொடங்கியது. அன்று அமர்த்தப்பட்ட ‘மெஜஸ்டி ஆஃப் த சீஸ்’ கப்பலின் கொள்ளளவு எழுபதாயிரம் டன்னைத் தாண்டியது என்பதால் அந்தப் பெயர். ஜெர்மனியில் வாக்கன் இசைவிழாவை நடத்துவோர் 2013 முதல் ‘ஃபுல் மெட்டல் குரூஸ்’ என்ற பெயரில் ஐரோப்பியக் கடல்களில் கப்பல் விட்டார்கள். மத்தியதரைக் கடலும் இவ்வகைப் பயணங்களின் வழித்தடமாகிவிட்டது. நான்கைந்து நாள் பயணம், பல பத்து இசைக்குழுக்கள், நீச்சல்குளத்தின் மேல் கட்டப்பட்ட மேடை. முன்வரிசைப் பாடகரும் கடைசி வரிசை ரசிகரும் ஒரே உணவுக்கூடத்தில் தட்டேந்தி நிற்கும் காட்சி. ஆய்வாளருக்கு இது விருந்து. 1967இல் ஆற்றிய உரையொன்றில் ஃபூக்கோ கப்பலைப் ‘பிறிதிடங்க’ளுள் தலையாயதாகச் சொல்லியிருக்கிறார். 1991இல் ஹகிம் பே கடற்கொள்ளையரின் தீவுகளை முன்மாதிரியாக வைத்துத் ‘தற்காலிகத் தன்னாட்சி வெளி’ என்ற கருத்தைத் தந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து, சில நேர்காணல்களைக் கலந்தால் கட்டுரை ஆயிற்று. கப்பல் விடுதலையின் வெளி. அதில் கறுப்புச் சட்டை அணிந்து தலையாட்டுவோர் அதன் குடிமக்கள்.

நான் அந்த இசையை எள்ளவில்லை. அதன் பிறப்பிடம் பர்மிங்ஹாமின் தொழிற்சாலைத் தெருக்கள். பிளாக் சப்பாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமி தம் விரல் நுனிகளைத் தகரப்பட்டறை எந்திரத்தில் இழந்தவர். வெட்டுப்பட்ட விரல்களுக்கு ஏற்ப அவர் வாசித்த முறையிலிருந்து, 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் கனத்த ஒலி உருவாயிற்று. வேலை உடலை என்ன செய்கிறது என்பதை அறிந்த இசை அது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது, இந்தியாவின் பல நகரங்களிலிருந்து இரண்டாம் வகுப்புப் பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போன தலைமுறையை நமக்குத் தெரியும். அந்தப் பற்றுதல் உண்மையானது. அதனால்தான் கேள்வியும் கூர்மையாகிறது: வேலையையும் அதிகாரத்தையும் அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இசைச் சமூகம், கப்பலிலிருந்து இறங்கும்போது என்ன செய்கிறது?

இறங்கத்தான் வேண்டும். எல்லா இசைக் கப்பல்களும் பயணத்தின் நடுவே ஒரு நாளோ இரு நாளோ ஏதாவதொரு துறையைத் தொடும். அன்று ‘கரைச் சுற்றுலா’ நடைபெறும். நம் கட்டுரைகளில் இந்த நாள் ஓர் இடைவேளையாகவே வந்துபோகிறது. “பயணிகள் கரையிறங்கினர், மாலையில் திரும்பினர்” என்று ஒரு வாக்கியம். கப்பலின் அரசியல் முழுவதும் தீர்மானமாகும் இடமோ அந்த ஒரு வாக்கியம்தான்.

கரைச் சுற்றுலா எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கப்பலில் கால் வைத்திராத மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சுற்றுலாவுக்கான சீட்டைக் கப்பல் நிறுவனமே விற்கிறது. பேருந்தும் வழிகாட்டியும் உள்ளூர்க்காரர்கள். அவர்களை அமர்த்துவது ஒப்பந்தக்காரர். பயணி செலுத்தும் தொகையில் கணிசமான பங்கு நிறுவனத்துக்கே போய்விடுகிறது. எஞ்சியதில்தான் வண்டிக்கு எரிபொருள், ஓட்டுநருக்குக் கூலி, வழிகாட்டிக்கு அன்பளிப்பு எல்லாம். கால அளவு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். துறைமுக வாசலில் ஓர் ஆட்டோவைப் பிடித்துத் தானாகவே ஊர் சுற்றப் புறப்படுகிறவருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நிறுவனத்தின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே போனவர் தாமதமானால் காத்திருக்காது. இந்த ஒரு விதி போதும். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் உள்ளூர் ஓட்டுநரின் பிழைப்பை அது சட்டம் எதுவும் இல்லாமலே அடைத்துவிடுகிறது. 70000 டன்ஸ் பயணத்தில் கூடுதலாக ஒரு வழக்கமும் இருக்கிறது: இசைக்கலைஞர்கள் உடன்வரும் கரைச் சுற்றுலா. பயணியின் கண் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர் பின்னணித் திரையாகிவிடுகிறது. முன்னால் நிற்கிறார் கிதார் கலைஞர்.

மத்தியதரைக் கடலின் கரைகள் இதைப் புரிந்துகொண்டு எதிர்த்திருக்கின்றன. வெனிஸில் பேரளவுக் கப்பல்களுக்கு எதிராக மக்கள் நடத்திய நெடும் போராட்டமும், 2017 ஜூனில் அவர்கள் தாமாகவே நடத்திய வாக்கெடுப்பும், 2019 ஜூனில் ‘எம்எஸ்சி ஓபெரா’ படகுத்துறையில் மோதிய விபத்தும் சேர்ந்து, 2021 ஆகஸ்ட் முதல் அந்நகரின் உட்கால்வாய்களில் அத்தகைய கப்பல்கள் நுழைவதைத் தடுத்தன. துப்ரோவ்னிக் நகரம் ஒரு வேளையில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்றது. சாந்தோரினி நாளொன்றுக்கு 8,000 பயணிகள் என்று வரம்பு கட்டியது. இவையெல்லாம் ஐரோப்பிய நகரங்கள். வாக்குச்சீட்டும் நகரமன்றமும் செய்தித்தாளும் கையில் உள்ளவர்கள் தம் கரைக்காகப் பேசினார்கள், ஓரளவு வென்றார்கள். இவை இல்லாத கரைகளில் என்ன நடக்கிறது?

ஹெயிட்டியின் வடகரையில் லபாடி என்ற முனை இருக்கிறது. 1980களின் நடுப்பகுதி முதல் ராயல் கரீபியன் நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து வேலியிட்டுத் தன் பயணிகளுக்கான தனியார் கடற்கரையாக நடத்திவந்தது. வேலிக்கு அப்பால் அமெரிக்கக் கண்டங்களிலேயே மிக வறிய நாடு; இப்பால் சாய்வு நாற்காலிகள். 2010 ஜனவரி 12 அன்று ஹெயிட்டியை நிலநடுக்கம் சிதைத்தது. மூன்று நாள் கழித்து அதே நிறுவனத்தின் கப்பல் லபாடியில் நங்கூரமிட்டது. நிவாரணப் பொருள்களும் கொண்டுவந்தோம் என்றது நிறுவனம். பயணிகளுள் சிலர் இறங்க மனமின்றிக் கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். 2019இல் 70000 டன்ஸ் பயணம் தொட்ட கரை இந்த லபாடிதான். விடுதலையின் வெளி என்று நாம் எழுதும் கப்பல், ஒரு நாட்டின் குடிமக்கள் தாம் நினைத்தபடி நுழைய முடியாத அவர்களது கடற்கரையில் தன் பயணிகளை இறக்கியது. அந்த வேலி எந்த ஆய்வுக் கட்டுரையின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

“இதெல்லாம் கரீபியக் கதை, நமக்கென்ன?” என்று கேட்போருக்காகத்தான் இந்தப் பதிவு. அதே ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இன்னொரு கப்பல் இருந்தது. ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் 1990இல் சேவைக்கு வந்தது. பின்னர் ‘எம்பிரஸ் ஆஃப் த சீஸ்’ ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் அதை அந்நிறுவனம் கைவிட, 2021இல் கோர்டீலியா குரூஸஸ் என்ற இந்திய நிறுவனத்தின் கப்பலாக மும்பைக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று அக்கப்பலில் நடைபெறவிருந்த இசைக் கொண்டாட்டத்தின்போது போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் புகுந்ததும், ஒரு நடிகரின் மகன் கைதானதும், பிறகு குற்றப்பத்திரிகையிலேயே அவர் பெயர் இல்லாமற்போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தியப் பொதுவெளி இசைக் கப்பல் ஒன்றைப் பற்றி இவ்வளவு பேசிய சமயம் வேறில்லை. பேச்சு முழுவதும் கப்பலுக்குள் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சுற்றியே இருந்தது.

2022 ஜூனில் அதே கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட, தமிழ்நாட்டு முதலமைச்சர் கொடியசைத்தார். புதுச்சேரியில் பயணிகளை இறக்கத் திட்டம் இருந்தது. அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் கப்பலில் சூதாட்டக்கூடம் இருக்கிறது, பண்பாடு கெடும் என்பது. எதிர்ப்புத் தெரிவித்த கட்சிகளின் வாதமும் பெரிதும் அதுவே. ஒழுக்கத்தின் பெயரால் கப்பலைத் தடுக்க நமக்குத் தெரியும். கரையின் பெயரால் ஒரு கேள்வி கேட்கத் தெரியாது.

2023 ஜூன் 5 அன்று ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையில் கொடியசைக்க, அந்தக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. தொடும் துறைகள் மூன்று: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அம்மாதமே அது காங்கேசன்துறையை அடைந்தது. நாகரிகத் தொடர்பு புதுப்பிக்கப்பட்டதாகத் தில்லியில் எழுதினார்கள். காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை என்பதால் அப்பெயர் பெற்றது என்று வழங்கும் மாவிட்டபுரத்துக் கதையும் நினைவுகூரப்பட்டது. நல்லது. அந்தத் துறையின் அண்மைக்கால வரலாறும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தக் கப்பல் சேவைக்கு வந்த அதே 1990ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், மீண்டும் மூண்ட போரில் காங்கேசன்துறை உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. போர் 2009 மே மாதத்தில் முடிந்த பிறகும் வேலி விலகவில்லை. 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலும் அதையொட்டியும் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்கப்போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். 2015க்குப் பின் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன, முழுமையாக அல்ல. விடுவிக்கப்பட்ட இடங்களுக்குச் சென்ற பலர் கண்டது வீடுகளை அல்ல, கிணறுகளை மட்டும். அந்தக் கிணற்றை வைத்துத்தான் தம் வளவு எது என்று அடையாளம் கண்டார்கள்.

அந்தக் கடற்கரையில் ‘தல்செவன’ என்ற விடுதி இருக்கிறது. அதை நடத்துவது இலங்கை இராணுவம். கடலைப் பார்த்த அறைகள், உணவகம், விழாக்களுக்கு இடவசதி. காணி உறுதியைக் கையில் வைத்திருப்பவர் வேலிக்கு வெளியே நின்ற ஆண்டுகளிலேயே, பணம் கொடுக்கும் விருந்தினர் வேலிக்கு உள்ளே இரவு தங்க முடிந்தது. லபாடியில் நிறுவனம் வேலி போட்டது, இங்கே அரசு போட்டது, வேறுபாடு அவ்வளவுதான். கப்பல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2023 மே மாதத்தில், துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள தையிட்டியில் மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். தனியார் காணிகளில், படையினரின் ஆதரவோடு எழுப்பப்பட்ட திஸ்ஸ விகாரைக்கு எதிரான போராட்டம் அது. கைதுகளும் நடந்தன. பௌர்ணமி தோறும் அந்தப் போராட்டம் தொடர்ந்தது. “எங்கட காணி எங்களுக்கு வேணும்” என்பதைத் தாண்டிய கோரிக்கை எதுவும் அங்கே இல்லை.

இனி கரைச் சுற்றுலாவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் அரைநாள் என்றால் எந்தச் சுற்றுலா ஏற்பாட்டாளரும் தரும் பட்டியல் ஒன்றுதான்: நல்லூர்க் கோயில், ஒல்லாந்தர் கோட்டை, பொது நூலகம், நேரமிருந்தால் கீரிமலைக் கேணி. துறைமுகத்திலிருந்து நகருக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. நேர்வழி காங்கேசன்துறை வீதி. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொக்குவில் என்று போகும். இந்த வீதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மல்லாகத்தையும் சுன்னாகத்தையும் ஒட்டித்தான் கோணப்புலம், சபாபதிப்பிள்ளை முகாம் ஆகிய நலன்புரி நிலையங்கள் இருந்தன. வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கால்நூற்றாண்டுக்கும் மேல் அவற்றில் தகரக் கூரைகளின் கீழ் வாழ்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே திருமணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். தம் ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் அகதியாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு இந்த வீதியைவிட நல்ல பாடம் கிடையாது. குளிரூட்டிய பேருந்து அதை முப்பது, நாற்பது நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நிமிடங்களில் வழிகாட்டி என்ன சொல்ல வேண்டும் என்பதை யார் எழுதிக் கொடுப்பது? நூலகத்தின் முன் நின்று அது எரிக்கப்பட்ட 1981ஐச் சொன்னாலும் சொல்லலாம். கட்டடம் திரும்ப எழுந்து வெள்ளையடிக்கப்பட்டுவிட்டதால் அது சொல்லத்தக்க துயரமாகிவிட்டது. மல்லாகத்தைச் சொல்ல முடியாது. அது இன்னும் முடியவில்லை.

கரைச் சுற்றுலாவின் இயல்பே இது என்பது என் வாதம். ஆறு மணி நேரத்தில் அடங்கக்கூடியது முடிந்துபோன வரலாறு மட்டுமே. நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு அதன் நிரலில் இடமில்லை. இடம் கொடுத்தால் பேருந்து நிற்க வேண்டிவரும், பேருந்து நின்றால் கப்பல் காத்திருக்க வேண்டிவரும். எனவே எந்தத் தணிக்கையாளரும் தேவைப்படாமல், கடிகாரமே தணிக்கை செய்துவிடுகிறது. மெட்டல் ரசிகர் என்றாலும், பக்திச் சுற்றுலாவுக்கு வந்த மூத்த தம்பதியர் என்றாலும், மும்பையிலிருந்து வந்த புதுமணத் தம்பதியர் என்றாலும் இவ்விடத்தில் வேறுபாடில்லை. கப்பலுக்குள் எந்த இசை ஒலித்தது என்பதைக் கரை கேட்பதில்லை.

என் யாழ்ப்பாண நண்பர்களே இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அது நியாயமான மறுப்பு. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கப்பல் வருகிறது. ஆட்டோ ஓட்டுபவருக்கும் பனங்கட்டி விற்பவருக்கும் நாலு காசு கிடைக்கிறது. தில்லியில் உட்கார்ந்துகொண்டு அதையும் வேண்டாம் என்கிறாயா? இல்லை. கப்பல் வரட்டும். வடக்கின் மக்கள் கடல்வழி வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்ட கப்பல் வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த அகதிகள் ஊர் திரும்புவதற்குக் கப்பல் கேட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு விமானத்தில் போக முடியாது என்பதால். மருத்துவத்துக்கும் கல்விக்கும் கல்யாணத்துக்கும் சரக்குக்கும் ஆள் போய்வரும் கப்பலைக் கேட்டார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’யுடன் தொடங்கியது. பிரதமரே காணொளி வழியாகத் தொடங்கிவைத்தார். தொடக்கநாள் சலுகை போனபின் ஒருவழிக் கட்டணம் 7,670 ரூபாய். ஒரு வாரத்துக்குள் பருவமழையைக் காரணம் காட்டி நின்றது. மீண்டும் தொடங்க 2024 ஆகஸ்ட் வரை ஆயிற்று, அதுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் ‘சிவகங்கை’யால். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வரும் என்பது சேவையைத் திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது போலும்.

ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். அதைக் கடந்து மூட்டையோடு இறங்கி நாள்கணக்கில் தங்குபவருக்கும், கழுத்தில் அட்டை தொங்க இறங்கி மாலைக்குள் ஏறுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பண்பாட்டு ஆய்வு அளந்து சொல்ல வேண்டாமா? முன்னவர் உறவினர் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டில் காணியைப் பற்றிப் பேசுவார்கள். அவர் திரும்பி வந்து நாகப்பட்டினத்தில் சொல்வார். செய்தி இப்படித்தான் பயணம் செய்யும். பின்னவரிடமிருந்து நிழற்படம் வரும்.

தில்லிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு, ஆதலால் நமக்கும் உண்டு. காங்கேசன்துறையின் மூழ்கிய கலங்களை அகற்றி, வண்டலைத் தோண்டியது இந்திய உதவி. 2018இல் துறைமுகத்தைச் சீரமைக்க 4.527 கோடி டாலர் கடன் ஒப்பந்தம். 2024இல் அது 6.15 கோடி டாலர் கொடையாக மாறியது. நம் வரிப்பணம் அங்கே அலைதாங்கியாகவும் படகுத்துறையாகவும் நிற்கப்போகிறது. 2014இல் பண்பாட்டு அமைச்சகம் ‘மௌசம்’ திட்டத்தைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ இயக்கம் வந்தது. உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை ஐந்தாண்டுகளில் இருமடங்காக்குவது அதன் இலக்கு. இவற்றுக்கான கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பவர்கள் நாம்தான். பருவக்காற்று, வணிகம், சோழர், பௌத்தம், உணவு, நெசவு என்று இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்பை விரித்துரைக்க நமக்கு நாவுண்டு. கப்பல் கட்டுமிடத்துக்குப் பின்னால் முந்நூறு மீட்டர் நடந்தால் வரும் வேலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் “அது வேறு துறை” என்றாகிவிடுகிறது.

“வேறு துறை” என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். டீன் மக்கேனல் ‘த டூரிஸ்ட்’ நூலை 1976இல் எழுதினார். சுற்றுலாப் பயணிக்கு முன்னால் எது மேடையேற்றப்படுகிறது, எது மேடைக்குப் பின்னால் நிறுத்தப்படுகிறது என்பது அந்நூலின் கேள்வி. ஜான் அரி ‘த டூரிஸ்ட் கேஸ்’ நூலை 1990இல் எழுதினார். வலிகாமம் வடக்கு வெறுமையான அதே ஆண்டு. இரண்டும் நம் பாடத்திட்டங்களில் இருக்கின்றன; இரண்டையும் நாம் மேற்கோள் காட்டுகிறோம். காட்டிவிட்டு, கப்பலின் நீச்சல்குள மேடையில் நிகழும் ‘சமத்துவ’த்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறோம். அந்தச் சமத்துவத்தைச் சமைத்துப் பரிமாறித் துடைத்துக் கழுவும் ஊழியர்கள், பஹாமாஸ் கொடியின் கீழ் ஓடும் கப்பலில் எந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பில் வேலை செய்கிறார்கள் என்று கேட்பதுகூட இல்லை. பிறிதிடம் என்ற கருத்தைப் ஃபூக்கோ தந்தது இதற்காகவா? அவரது உரையிலேயே பிறிதிடங்களுக்கு நுழைவுவிதி உண்டு; எவர் வேண்டுமானாலும் உள்ளே போய்விட முடியாது என்பது அவர் எடுத்துரைக்கும் இயல்புகளுள் ஒன்று. அந்தப் பகுதியை நாம் வாசிக்காமல் விட்டுவிட வசதியாக இருக்கிறது.

இசைக் கப்பல்களை ஆராயும் மாணவர்களுக்கு நான் சொல்வது நடைமுறை சார்ந்த ஒன்று. மேடையில் பாடப்பட்டவற்றின் பட்டியலை எவ்வளவு கவனமாகச் சேகரிக்கிறீர்களோ, அவ்வளவு கவனமாகக் கரைச் சுற்றுலாவின் துண்டறிக்கையையும் சேகரியுங்கள். அதில் குறிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் போகும் வழியை ஒரு வரைபடத்தில் வரையுங்கள். அந்த வழியிலுள்ள நிலம் யார் பெயரில் இருந்தது, இப்போது யார் வசம் இருக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அதற்கான செய்திகள் தமிழிலேயே குவிந்து கிடக்கின்றன, மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை. தில்லியில் தமிழ் அறிந்த ஆய்வாளர்கள் நாம் சிலராவது இருக்கிறோம். கரீபியக் கடலைப் பற்றி ஆங்கிலத்தில் வந்ததை வாசித்து எழுதுவதற்குக் காட்டும் ஊக்கத்தில் பாதியை, நம் மொழியில் நாள்தோறும் அச்சாகும் செய்திகளை வாசிக்கக் காட்டினால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திராது.

கேள்வி கேட்கும் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களிடமும் ஒன்று. 2011 அக்டோபரில் குர்கானில் மெட்டாலிகாவின் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானபோது தடுப்புவேலியைச் சாய்த்து மேடையை உடைத்த கூட்டத்தின் கோபத்தை நான் நியாயப்படுத்தவில்லை. சீட்டு வாங்கியவரை உள்ளே விடாத வேலி எப்படி எரிச்சலூட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காணி உறுதி வைத்திருப்பவரை உள்ளே விடாத வேலியைப் பார்க்க அவர்களுள் யாரேனும் காங்கேசன்துறையில் இறங்கினால், பேருந்தில் ஏறுமுன் துறைமுக வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் தையிட்டிக்கு எவ்வளவு என்று கேட்கலாம். கப்பல் காத்திருக்காது, சரி, தொலைவு அதிகமில்லை.

அடுத்த கல்வியாண்டில் கடலும் பண்பாடும் குறித்து எத்தனையோ கருத்தரங்க அழைப்புகள் வரும். அவற்றுள் ஒன்றையாவது தயாரிக்கும் பொறுப்பில் இருப்போரிடம் ஒரு கோரிக்கை. கப்பலுக்கு மூன்று அமர்வுகள் என்றால் கரைக்கு ஓர் அமர்வை ஒதுக்குங்கள். அதன் முதற்கட்டுரையை வலிகாமம் வடக்கிலிருந்து வரும் ஒருவர் வாசிக்கட்டும். அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, காணி வழக்கில் மனுதாரராக இருந்தால் போதும். விசாவுக்கும் பயணச்செலவுக்கும் நிதி இல்லை என்றால் இணையவழியில் பேசச் சொல்லுங்கள். தமிழில் பேசுவார். மொழிபெயர்க்க நான் வருகிறேன்.